தீர்ப்பு இறைத்த தண்ணீர்

ஆடி மாதத்தில் எவரும் தாலி கட்டுவதில்லை. ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை காலை உடுவிலில் மார்க்கண்டுவின் தோட்டக் கிணற்றடியில் கெட்டிமேளம் கேட்டபோது, அயலட்டைப் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வேலிக்கு வந்தார்கள். ஓடிப்போன சோடி ஏதோ பிடிபட்டுவிட்டது, ஆட்கள் மாதம் பாராமல் அவசரத்தில் காரியத்தை முடிக்கிறார்கள் என்பது பொதுவான ஊகமாக இருந்தது.

வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த மார்க்கண்டு மண்வெட்டியும் கையுமாக ஓடிவந்தார். கிணற்றுக் கட்டோடு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நின்றார். ஒரு கையில் கடதாசி, மறு கையில் கைத்தொலைபேசி. மேளம் தொலைபேசிக்குள் இருந்து வந்துகொண்டிருந்தது.

"தம்பி, ஆரின்ரை கலியாணம்?"

"கலியாணம் இல்லை ஐயா. நான் எமில்ராஜ், கோட்டிலை பிஸ்கால் பகுதி, தீர்ப்பை நிறைவேற்றுற ஆள். காணி கைப்பற்றுற அறிவித்தல் வாசிக்க வந்தனான். மேளம் அடிச்சுத்தான் வாசிக்க வேணும் எண்டு சட்டத்திலை கிடக்கு. முந்தி ஒரு ஆள் அடிக்க வாறவர். அவர் இப்ப கனடாவிலை. புது ஆளுக்குக் காசு ஒதுக்கேல்லை, மேளத்தை நிப்பாட்டவும் இல்லை. அதாலை போனிலை போடுறம்."

"அதுக்குக் கெட்டிமேளமோ போடுறது?"

"தேடேக்கை முதலிலை வந்தது உதுதான் ஐயா."

தவில்காரர் ஓயும்வரை இருவரும் மரியாதையாகக் காத்து நின்றார்கள். பிறகு எமில்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். 'இத்தால் சகலருக்கும்' என்று தொடங்கி, 'எதிராளியின் மேற்சொன்ன பங்கு இன்று முதல் கைப்பற்றப்பட்டதாகக் கொள்ளப்படும்' என்று முடிந்தது. நடுவில் இருந்ததில் மார்க்கண்டுவுக்கு விளங்கியது ஒரு பெயர் மட்டும்தான்: கேதீஸ்வரன்.

கேதீஸ்வரன் மார்க்கண்டுவின் சித்தப்பாவின் மகன். வெள்ளவத்தையில் இருக்கிறான். சிநேகிதன் ஒருவன் வான் எடுக்கக் கடன் கொம்பனிக்குப் பிணைக் கையெழுத்து வைத்தான். சிநேகிதன் அவுஸ்திரேலியாவுக்குப் போனான், வான் எங்கே போனது என்று தெரியவில்லை, கையெழுத்து மட்டும் போகாமல் நின்றது. நீதிமன்றம் கேதீஸ்வரனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. எந்த நீதிமன்றம் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. அதற்கு மான உணர்ச்சி அதிகம்.

கேதீஸ்வரன் பெயரில் உடுவிலில் இருந்தது மார்க்கண்டுவின் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தரிசுத் துண்டும், அதோடு சேர்ந்த கிணற்றுப் பங்கும். அந்தக் கிணற்றை வெட்டியவர் பாட்டனார். பிள்ளைகள் ஆறு பேர். ஆளுக்கொரு நாள் என்று ஆறு நாளைக்கு ஆறு இறைப்பு முறை. காலப்போக்கில் மார்க்கண்டு தகப்பன் முறையோடு மற்றவர்களுடைய நாலையும் வாங்கிக்கொண்டார். மிஞ்சிய ஒன்று கேதீஸ்வரனுடையது. "சும்மா கிடக்கிறதுதானே அண்ணை, அதையும் இறையுங்கோ" என்று அவன் சொல்லிப் பல காலம். பதிலுக்கு வருடத்தில் இரண்டு தரம் ஒரு பை வெங்காயம் கொழும்பு பஸ்ஸில் ஏறும். இந்த ஏற்பாட்டில் எவருக்கும் எந்தக் குறையும் இருந்ததில்லை, எழுத்தும் இருந்ததில்லை. நீதிமன்றம் நுழைவதற்கு அந்த இடைவெளி போதுமாக இருந்தது.

எமில்ராஜ் அறிவித்தலை இறைப்பு மெஷின் கொட்டிலில் ஒட்டினார். பிறகு பையிலிருந்து அளவு நாடாவையும் ஒரு பேணி சிவப்புப் பெயின்றையும் எடுத்தார். கிணற்றுக் கட்டைச் சுற்றி அளந்து, ஆறாகப் பிரித்து, ஒரு பங்குக்குச் சிவப்பு அடித்தார்.

"பயப்பிடாதேங்கோ ஐயா. இந்தச் சிவப்புத்தான் எங்கடை. மிச்சம் முழுக்க உங்கடை."

"தண்ணி?"

"சிவப்புக்கு நேர் கீழை இருக்கிறது எங்கடை. அதைத் தொடாதேங்கோ."

மார்க்கண்டு குனிந்து கிணற்றுக்குள் பார்த்தார். தண்ணீர் எந்த வித்தியாசமும் தெரியாமல் கிடந்தது. மெஷின் குழாய் சிவப்புப் பக்கத்தால் இறங்கியிருந்தது. அதை அவரே இழுத்து மறுபக்கம் போட்டார்.

எமில்ராஜுக்கு வெயிலில் விடாய்த்தது. மார்க்கண்டுவின் மனைவி மீனாம்பிகை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "கற்கண்டு மாதிரிக் கிடக்கு" என்றார். உடனே கடமை உணர்ச்சி வந்தது. "அக்கா, இது எந்தப் பக்கத்துத் தண்ணி?"

"குடத்துத் தண்ணி தம்பி. விடிய அள்ளினது. அப்ப உங்கடை தீர்ப்பு வந்து சேரேல்லை."

எமில்ராஜ் நிம்மதியாக வாயைத் துடைத்தார்.

ஒரு கிழமை கழித்து அவர் மறுபடியும் வந்தார். மேளம் இல்லை. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிச் சிவப்புப் பக்கத்தால் இறக்கிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"ஐயா, எங்கடை பக்கத் தண்ணியும் குறைஞ்சு கிடக்கு."

"ஒரே கிணறுதானே தம்பி. இங்காலை இறைச்சால் உங்காலையும் குறையும்."

"அப்பிடி நான் எழுதேலாது. 'பங்காளி ஒத்துக்கொண்டார்' எண்டு எழுதட்டோ?"

இப்படித்தான், பிறந்த நாள் முதல் நீதிமன்றப் படியை மிதித்திராத மார்க்கண்டு ஒரு சட்டத்தரணியின் முன்னால் போய் இருக்க நேர்ந்தது. சட்டத்தரணி சோமசேகரம் தன்னுடைய படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். படத்தில் அவருக்கு யாரோ பொன்னாடை போர்த்துகிறார்கள். யார் என்பதைச் சட்டகம் வெட்டிவிட்டது.

"மார்க்கண்டு, வடிவாக் கேளும். தீர்ப்பு எண்டது வாயாலை சொல்லேக்கை வெறும் காத்து. உதாலை ஒரு இலையும் அசையாது. ஆனால் பிஸ்கால் வந்து கைப்பற்றி, அந்த அறிவித்தலைக் காணிப் பதிவகத்திலை பதிஞ்சுதெண்டால் அது காணியிலை ஏறியிடும். ஏறினாப் பேந்து ஆர் வித்தாலென்ன, ஆர் வாங்கினாலென்ன, ஆர் செத்தாலென்ன, அது குந்தினபடி குந்தியிருக்கும். அருமையான ஏற்பாடு!"

"இறங்காதோ ஐயா?"

"ஏறுறதைப் பற்றிச் சட்டத்திலை பக்கம் பக்கமாக் கிடக்கு. வாசிச்சால் கண்ணீர் வரும், அவ்வளவு வடிவு. இறங்கிறதைப் பற்றியும் இருக்கு. அது கொஞ்சம் சுருக்கம்."

மார்க்கண்டு சிவப்புப் பெயின்ற் விஷயத்தைச் சொன்னார். சோமசேகரம் சிரித்தார். அறியாதவர்களைக் கண்டால் வருகிற சிரிப்பு.

"அவன் பொடியன், பிழையாக் கீறிப்போட்டான். உது பிரிபடாத பங்கு. கட்டிலை இல்லை, ஒவ்வொரு துளியிலும் ஆறிலை ஒண்டு தீர்ப்புக்குச் சொந்தம்."

"அப்ப நான் ஒரு வாளி அள்ளினால்?"

"ஆறிலை ஒரு வாளி களவு." இதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு தொழில்முறைச் சந்தோசம் இருந்தது.

"அப்ப என்ரை வெங்காயம்? காய் பிடிக்கிற நேரம் ஐயா. எங்கடை வருசத்துச் சீவியம் அதுதான்."

"மார்க்கண்டு, வெங்காயம் இந்த வழக்கிலை தரப்பாளி இல்லை."

கிணறு பற்றிச் சோமசேகரம் போட்ட மனு எடுக்கப்பட்ட நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. நீதிபதி வந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். அவர் இருந்தபோது எல்லோரும் இருந்தார்கள். மின்விசிறி மட்டும் எவருக்கும் எழும்பாமல் தன்பாட்டில் சுற்றியது. சோமசேகரம் கறுப்பு அங்கிக்குள் வியர்த்தபடி, தண்ணீர் என்றால் என்ன என்பதைப் பற்றி நீண்ட நேரம் கதைத்தார். கொம்பனியின் சட்டத்தரணி எழுந்து, தண்ணீர் என்றால் அது அல்ல என்று கதைத்தார்.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஊற்றிலிருந்து இன்று சுரந்த நீர் வேறு, கைப்பற்றிய நாளில் கிணற்றில் இருந்த நீர் வேறு. பழைய நீரையும் புதிய நீரையும் வேறுபடுத்திக் காட்டும் சாட்சியம் இந்நீதிமன்றத்தின் முன் இல்லை. அது கிடைக்கும்வரை கிணற்றிலிருந்து எவரும் எதையும் எடுக்கலாகாது."

மார்க்கண்டு தன் வெங்காயப் பாத்தியை நினைத்தார். நேற்றே மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. வாழ்நாளில் செய்த மிகப் பெரிய பிழையை அவர் அந்தக் கணத்தில் செய்தார். எழுந்து நின்று, உதவி செய்கிற நினைப்பில், உண்மையைச் சொன்னார்.

"ஐயா, தண்ணியைப் பிரிக்கத் தேவையில்லை. எங்களிட்டை முறை இருக்கு. ஆறு நாளிலை ஒரு நாள் தம்பியின்ரை. அந்த நாளை மட்டும் கோடு எடுத்தால் காணும்."

நீதிபதியின் முகம் மலர்ந்தது. எத்தனையோ வருடமாக அவர் பாகப்பிரிவினையும் வேலிச் சண்டையும் கேட்டுக் களைத்தவர். இப்படி ஒரு புது விஷயம் அவருக்கு வாய்த்ததே இல்லை.

"மிக நன்று. எமது மக்களின் தொன்மையான வழக்காறுகளை இந்நீதிமன்றம் மதிக்கிறது. ஆகவே கேதீஸ்வரனின் முறை இனித் தீர்ப்பின் முறை." சுருக்கெழுத்தாளரைப் பார்த்து மெதுவாகத் தொடர்ந்தார். "கைப்பற்றப்பட்ட ஆதனம் பயனற்றுத் தேய்ந்துபோக நீதிமன்றம் இடம் கொடாது. பயன்படுத்தாத முறை அழிந்துபோகும் முறை. எனவே தனது முறை வரும் நாளில் தீர்ப்பே நீர் இறைக்க வேண்டும். அது பிஸ்காலின் மேற்பார்வையில், வேலை நாளில் மட்டும் நடைபெற வேண்டும். முறைகளின் ஒழுங்கு குழப்பப்படலாகாது. தீர்ப்பு இறைத்து முடித்த பின்னரே ஏனைய பங்காளி இறைக்கலாம்."

வெளியே வந்ததும் சோமசேகரம் மார்க்கண்டுவின் முதுகில் தட்டினார். "வெண்டிட்டம்! உம்முடைய அஞ்சு முறையும் உமக்கு."

"அது முந்தியும் எனக்குத்தானே ஐயா?"

"முந்திச் சும்மா இருந்தது. இப்பச் சட்டப்படி இருக்கு."

தீர்ப்பு தண்ணீர் இறைக்க வந்த முதல் நாளைப் பார்க்க ஊரே வந்தது. தீர்ப்பின் சார்பில் எமில்ராஜ் வந்தார். தீர்ப்பிடம் மெஷின் இருக்கவில்லை, மண்ணெண்ணெயும் இருக்கவில்லை. பங்காளி ஒத்துழைக்க வேண்டும் என்று கட்டளையில் இருந்ததால் மார்க்கண்டுவின் மெஷினில் மார்க்கண்டுவின் எண்ணெயை ஊற்றி, மார்க்கண்டுவே இழுத்து இயக்கினார்.

"தண்ணியை எங்கை மாறுறது தம்பி?"

"கேதீஸ்வரன்ரை காணிக்குத்தான். அவற்றை முறை அவற்றை காணிக்கு."

கேதீஸ்வரனின் காணியில் இருந்தது பார்த்தீனியம். இடுப்பளவு. வேறெதுவும் இல்லை. தொட்டால் உடம்பு கடிக்கும், மாடும் முகராது, வைத்திருந்தால் தண்டம் என்று அரசாங்கமே சட்டம் போட்ட களை. வாய்க்காலை வெட்டிவிட்டதும் கற்கண்டுத் தண்ணீர் அதற்குள் பாய்ந்தது. நாலு யார் தூரம் தள்ளி வெங்காயத் தாள்கள் நுனி மஞ்சளாகி நின்றன.

மீனாம்பிகை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "பாவம், இவ்வளவு நாளும் ஒருத்தரும் திரும்பிப் பாக்காத பயிர். கோடாவது பாக்குதே."

"அக்கா, பகிடி பண்ணாதேங்கோ. நான் படம் எடுத்து அனுப்ப வேணும்" என்ற எமில்ராஜ், பாயும் தண்ணீரைப் படம் பிடித்தார். பிறகு கிணற்றடியில் சட்டையைக் கழற்றிவிட்டு நன்றாக முழுகினார். அது தீர்ப்பின் நாள் என்றபடியால் அதில் சட்டப் பிரச்சினை எதுவும் இருக்கவில்லை.

இரண்டு சுற்று இப்படி ஓடியது. மூன்றாவது சுற்றில் தீர்ப்பின் முறை ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. செவ்வாயும் புதனும் எமில்ராஜை நீர் முகாமைத்துவம் பற்றிய பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். தீர்ப்பு இறைக்காமல் மார்க்கண்டு இறைக்கக் கூடாது. அவர் பாத்திக்கும் கிணற்றுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தார். வியாழக்கிழமை எமில்ராஜ் சான்றிதழோடு வந்து பார்த்தீனியத்துக்குத் தண்ணீர் விட்டார். அதற்குள் வெங்காயத்தின் கால்வாசி தலை சாய்ந்திருந்தது.

பார்த்தீனியம் பூத்தது. வெள்ளை வெளேர் என்று, மருதனார்மடத்துக்குப் போகிற றோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும்படி பூத்தது. அதைக் கண்டு ஸ்கூட்டியை நிறுத்தியவர் விவசாயப் போதனாசிரியர் கோபிகா. புதிதாக வேலைக்கு வந்தவர். சட்டத்தில் நம்பிக்கை உள்ள வயது.

"ஆர் ஐயா இதுக்குத் தண்ணி விட்டு வளக்கிறது?"

"கோடு, பிள்ளை."

"என்னோடை விளையாடாதேங்கோ." கோபிகா கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். கிணற்றடியில் நின்ற எமில்ராஜ் பாய்ந்து வந்தார்.

"மிஸ், தொடாதேங்கோ! அது கைப்பற்றின ஆதனத்திலை நிக்கிற பயிர். பிடுங்கினால் குற்றம்."

"இது தடை செய்த களை. பிடுங்காமல் விட்டால் குற்றம்."

"பிடுங்கினால் கோட்டை அவமதிச்சது."

"விட்டால் திணைக்களத்தை அவமதிச்சது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, நீண்ட நாள் பழகியவர்களைப் போல, ஒன்றாகத் திரும்பி மார்க்கண்டுவைப் பார்த்தார்கள்.

"தண்ணி போனது இவற்றை மெஷினாலைதானே?" என்று கோபிகா கேட்டார்.

"ஓம். எண்ணெயும் இவற்றைதான்" என்றார் எமில்ராஜ்.

கிணற்றுக் கட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து இரண்டு பேரும் மார்க்கண்டுவுக்கு எதிராக எழுதினார்கள். ஒருவர் களையை வளர்த்ததற்கு, மற்றவர் களையைப் பிடுங்க ஆளைத் தூண்டியதற்கு. பேனை ஒன்றுதான் இருந்தது. மாறி மாறி வாங்கிக்கொண்டார்கள்.

ஆவணி பிறந்தது. சோளகக் காற்று செம்மண்ணைக் கிளப்பிக் கண்ணுக்குள் போட்டது. அந்த மாதத்தில் நீதிமன்றத்துக்கு விடுமுறை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் தீர்ப்பின் முறை சரியாக விடுமுறையின் முதல் நாளில் வந்து நிற்கும் என்று மார்க்கண்டு நினைத்துப் பார்க்கவில்லை. அவர் எமில்ராஜுக்குப் போன் எடுத்தார்.

"ஐயா, நான் நல்லூர்த் திருவிழாவிலை நிக்கிறன், கடலை வாங்கிறன். கோடு திறக்கட்டும்."

"அதுவரைக்கும் வெங்காயம்?"

"தீர்ப்பு இறைக்காமல் நீங்கள் இறைச்சால் ஒழுங்கு குழம்பியிடும் ஐயா. உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

மீனாம்பிகை மெஷினின் கயிற்றைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

"இறையுங்கோ. ஆர் வாறதெண்டு நான் பாக்கிறன்."

"விசர்க் கதை கதையாதை. பிழை விட்டால் மிச்ச அஞ்சையும் எடுத்துப்போடுவாங்கள் எண்டு லோயர் சொன்னவர்."

"அந்த அஞ்சாலை இப்ப என்னத்தைக் கண்டனியள்? கிணத்தைப் பாத்துக்கொண்டு பயிரைச் சாக விடுற முதல் ஆள் இந்த உடுவிலிலை நீங்கள்தான்."

அவர் எழுந்து கிணற்றடிக்குப் போனார். கிணறு நிறைந்து கிடந்தது. எவரும் இறைக்காதபடியால் என்றுமில்லாதபடி மேலே வந்து, வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மருதனார்மடத்தில் ஒரு பவுசர்க்காரரைப் பிடித்து, தாங்கி லொறியில் ஒரு தரம் தண்ணீர் இறக்கினார். மண் அதைக் குடித்துவிட்டு ஒன்றும் நடவாததுபோல இருந்தது. இன்னொரு தரம் இறக்க வசதி இல்லை. தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்தன. மார்க்கண்டு ஒன்றைக் கிண்டிப் பார்த்தார். காய் பிடிக்க வேண்டிய இடத்தில் தோல் மட்டும் இருந்தது. விதைக்கும் உதவாது. அவர் அதைத் திரும்பவும் மண்ணுக்குள் வைத்து மூடினார்.

அடுத்த நாள் கேதீஸ்வரன் போன் எடுத்தான். வேறு எதற்கோ எடுத்தவன், தம்பி வெட்கப்படுவான் என்று மார்க்கண்டு அதுவரை மறைத்திருந்த கதையைக் கேட்டு அதிர்ந்துபோனான்.

"அண்ணை, அந்தக் கடனை நான் வைகாசியிலேயே கட்டி முடிச்சிட்டன். கொம்பனிக்காரர் முடிஞ்சுதெண்டு கடிதமும் தந்தவங்கள்!"

"பேந்து ஏன்ரா ஆடியிலை இஞ்சை வந்து மேளம் அடிச்சவங்கள்?"

கேதீஸ்வரன் கொம்பனியை விசாரித்துவிட்டுப் பின்னேரம் திரும்ப எடுத்தான். "கட்டளை முந்தியே கோட்டாலை வெளிக்கிட்டிட்டுதாம். வெளிக்கிட்டதை மறிக்கிறது தங்கடை வேலை இல்லையாம்."

மார்க்கண்டு அந்தக் கடிதத்தைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சோமசேகரத்திடம் போனார். கடன் இல்லையென்றால் தீர்ப்புக்குக் கால் இல்லை என்பது அவருடைய எளிமையான நம்பிக்கை. சோமசேகரம் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல கடிதம், மனுப் போடுவம்" என்றார்.

விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறந்தது. நீதிபதி ஓய்வெடுத்துத் தெளிந்த முகத்தோடு இருந்தார். கடிதத்தை வாசித்தார். கொம்பனியின் சட்டத்தரணி எழுந்து, கடன் தீர்ந்தது உண்மைதான், ஆகவே தன் கட்சிக்காரருக்கு இந்தக் காணியில் ஒரு துளி அக்கறையும் இல்லை, இருந்தாலும் இந்த மனுவைத் தான் கடுமையாக எதிர்ப்பதாகச் சொன்னார்.

"ஏன் எதிர்க்கிறீர்கள்?" என்று நீதிபதி கேட்டார்.

"எதிர்க்கத்தான் என்னை நியமித்திருக்கிறார்கள், கனம் நீதிபதி அவர்களே."

நீதிபதி அதை ஏற்றுத் தலையசைத்தார். பிறகு தன் கட்டளையைச் சொன்னார்.

"கடன் தீர்ந்துவிட்டது. இந்நீதிமன்றம் மகிழ்ச்சியடைகிறது. கடன் தீர்ந்தபடியால் வழக்கும் முடிந்துவிட்டது. முடிந்த வழக்கில் எந்த மனுவையும் ஏற்க முடியாது. ஆயினும் காணிப் பதிவகத்தில் உள்ள பதிவை அகற்ற வேண்டுமானால் இந்த வழக்கில்தான் மனுச் செய்ய வேண்டும். மேலும் மனுதாரர் வழக்கின் தரப்பாளி அல்லர். ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது. எதிர்த்தரப்பின் செலவை மனுதாரர் செலுத்த வேண்டும்."

மார்க்கண்டு கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் தூக்கியதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"ஐயா, கடனே இல்லையெண்டால் தீர்ப்பு எதிலை குந்தியிருக்கு?"

"பதிவில்" என்றார் நீதிபதி, அன்பாக.

வெளியே மரநிழலில் சோமசேகரம் அங்கியைக் கழற்றி மடித்தார். மார்க்கண்டு அவர் முன்னால் வெறும் கையோடு நின்றார்.

"ஐயா, செலவு கட்ட என்னட்டை ஒண்டும் இல்லை. வெங்காயம் முழுக்கப் போச்சு."

"அதுக்கேன் யோசிக்கிறீர்? இப்பவே கட்ட வேணும் எண்டு ஆர் சொன்னது?" சோமசேகரம் மறுபடியும் முதுகில் தட்டினார். "செலவுக் கட்டளையும் ஒரு தீர்ப்புத்தானே. உம்முடைய அஞ்சு பங்கு சும்மாதானே கிடக்கு. அதிலை ஏறியிடும்."

புரட்டாதியில் ஒரு காலை கிணற்றடியில் மீண்டும் கெட்டிமேளம் கேட்டது. இந்தத் தடவை வேலிக்கு ஒருவரும் வரவில்லை. எமில்ராஜ் தவில் ஓயும்வரை நின்று, அறிவித்தலை வாசித்து, பழையதற்குப் பக்கத்தில் ஒட்டினார். பெரிய பேணி கொண்டுவந்திருந்தார். தூரிகையும் பெரிது.

"இந்த முறை லேசு ஐயா. அளக்கத் தேவையில்லை."

மார்க்கண்டு மாமர நிழலில் குந்தியிருந்து பார்த்தார். சிவப்பு மெல்ல மெல்ல வட்டத்தைச் சுற்றி வந்து, பழைய சிவப்போடு முட்டியது. வெயில் ஏறியிருந்தது. எமில்ராஜின் சட்டை முதுகோடு ஒட்டியது. வேலை முடிந்ததும் தூரிகையை வைத்துவிட்டு, நெற்றி வியர்வையை வழித்தெறிந்தார்.

"அக்கா, ஒரு செம்புத் தண்ணி தருவியளோ? தொண்டை காய்ஞ்சு போச்சு."

மீனாம்பிகை செம்போடு வந்தாள். செம்பு வெறுமையாக இருந்தது. அவள் கிணற்றுக் கட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். பெயின்ற் கையில் படாமல், நிதானமாக, கோயிலில் சுற்றுவதுபோல. தொடங்கிய இடத்துக்கு வந்து நின்றாள்.

"எந்தப் பக்கத்தாலை அள்ளட்டும் தம்பி?"

எமில்ராஜ் வட்டத்தைப் பார்த்தார். முழுக்கப் பார்த்தார்.

"அக்கா, ஒரு மிடறுதானே..."

"ஒரு மிடறெண்டாலும் தீர்ப்பின்ரை சாமான். நாங்கள் சட்டத்துக்குப் பயந்த சனம். ஒரு லோயரைப் பிடிச்சு மனுப் போடுங்கோ. விடுமுறை விட முந்திப் போட்டால் நல்லது."

அவள் வெறுஞ்செம்பைக் கவிழ்த்துப் பிடித்தபடி உள்ளே போனாள். உடுவிலில் தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று சொன்ன வீடு எதுவும் அதற்குமுன் இருந்ததாக மார்க்கண்டுவுக்கு ஞாபகம் இல்லை. எமில்ராஜ் அவர் பக்கம் திரும்பினார். உதடு வெளுத்திருந்தது.

"ஐயா, நீங்களாவது அவவுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

மார்க்கண்டு எழுந்தார். உடுத்திருந்த சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். வெங்காயம் நின்ற இடத்தை ஒரு தரம் பார்த்தார். அங்கே பார்த்தீனியத்தின் முதல் முளைகள் கிளம்பியிருந்தன.

"நான் உதிலை தரப்பாளி இல்லைத் தம்பி" என்றார்.